பின்பாதியில் விழுந்த கோல்கள்

பினாங்கில் அறுபதைத் தாண்டி, முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டு இன்னும் நடமாடுகிற என் வயதுக்காரர்களே, பிஸ்கட் குழுவை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். தூக்கினாலும் நான் நம்ப மாட்டேன். இப்போதெல்லாம் எல்லாரும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்கிறார்கள். தோண்டிக் கேட்டால் பாதி நேற்று ஃபோனில் படித்ததாக இருக்கிறது.

நான் ஒரு சந்தேகக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாசாரில் மீன்காரன் "இன்னிக்குக் காலையில வந்ததுக்கா" என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், எந்தக் கிளை, மேனேஜர் யார், மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு அவர்களாகவே ஃபோனை வைக்கும்படி செய்துவிடுவேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. எனக்கு அது பிடித்த வருஷத்தைத்தான் இங்கே சொல்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது.

பிஸ்கட் குழு என்பது சனங்கள் வைத்த பெயர். மாக் மண்டினில் பிஸ்கட் ஆலை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேவுக்கு, அதாவது முதலாளிக்கு, பந்துப் பைத்தியம். சொந்தமாக ஒரு காற்பந்துக் குழு வைத்து, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். காலையில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயங்காலம் பந்தடிக்கிற கதையே இல்லை. பந்தடிப்பதுதான் வேலை. சம்பளத்தோடு சனிக்கிழமைதோறும் ஒரு டின் நிறைய உடைந்த பிஸ்கட்டும் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு அந்த டின் வந்தது, ஏனென்றால் குழுவின் கோல்கீப்பர் என் சித்தப்பா.

அந்த டின்னைத் திறந்தால் எழும் வாசனையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெண்ணெய், தேங்காய், கொஞ்சம் தகரம். அடியில் கிடக்கும் தூளை அம்மா எங்களுக்குப் பாலில் போட்டுக் கரைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் என் சித்தப்பாதான் கீப்பர் என்று சொன்னால் பெரிய பையன்கள்கூட வழிவிட்டார்கள். அவருக்குப் பச்சை நிறத்தில் கழுத்து மூடிய ஒரு சட்டை. அம்மா அதைத் துவைத்துக் கொடியில் போட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எதையும் எழுதி வைத்தால்தான் அது நடந்ததாக அவருக்கு அர்த்தம். பருவம் தொடங்கியபோது எனக்கு ஒரு நோட்டு வாங்கித் தந்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, உள்ளே கோடு இழுத்துக் கொடுத்தார். எந்த ஆட்டம், யாரோடு, யார் அடித்த கோல், எத்தனையாவது நிமிஷம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு டத்தோ கெராமட் பக்கத்துத் திடலில் ஆட்டம் தொடங்கும். அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டிவிடுவார். அது முழங்கை வரை வழுகிப் போகும். பலகைப் படியில் உட்கார்ந்து, கச்சான் கடலையைக் கொறித்துக்கொண்டு நான் நிமிஷங்களை எழுதுவேன். திடலைச் சுற்றி விளக்குக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். விளக்கு அடுத்த பருவத்துக்கு வரும் என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, மாப்பிள்ளை பார்த்தார்கள். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. காரணம் எங்கள் தாத்தா. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். கள்ளுக் குடித்துவிட்டு அந்திநேரத்தில் சாக்கடையில் விழுந்து செத்தவர் என்று ஊரெல்லாம் பெயர். குடிகாரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று இரண்டு குடும்பமும் ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவதாக வந்தது பட்டர்வொர்த் மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல குடும்பம், ஆனால் மாப்பிள்ளையின் அப்பா மகா கறார். விசாரிக்காமல் வாய்க்கரிசிகூடப் போட மாட்டார் என்று அம்மா சொல்வார். அத்தைக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாலு ஆட்டம் ஜெயித்தோம். பிறகு தோற்க ஆரம்பித்தோம்.

தோற்றால் என்ன, எல்லாக் குழுவும்தான் தோற்கிறது என்று இப்போது சொல்லத் தோன்றும். ஆனால் சித்தப்பா தோற்ற விதம் அப்படி. முன்பாதியில் புலி. பறந்து பறந்து பிடிப்பார். இடைவேளையில் ஆரஞ்சுப் பழத் துண்டைச் சப்பிவிட்டு இறங்கினால் வேறு ஆள். சாதாரணமாக உயரத்தில் வரும் பந்துக்குக் கையைத் தூக்குவார், பந்து தோளுக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஒருமுறை பந்து வலைக்குள் விழுந்த பிறகு கையைத் தட்டிக்கொண்டு, "விடு, விடு, வெளியே" என்று கத்தினார். படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

கோப்பிக் கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதற்கு எங்கள் ஊரில் கேலோங் என்று பெயர். நான் அப்பாவுக்குச் சிகரெட் வாங்கப் போனபோது ஒரு ஆள் மேசையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாரு லா, முதல் பாதி நல்லா ஆடுவான். ஹாஃப்டைம்ல சேதி வந்துரும். அப்புறம் கேட்டைத் திறந்து விட்டுருவான்."

"வீட்டுல அண்ணன் கவர்மெண்டு கிராணி. தம்பி இப்படி."

"கள்ளுக்காரன் பெத்த பிள்ளைதானே."

என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் சிகரெட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்து, அழுதுகொண்டே நோட்டை எடுத்தேன். அவர்கள் சொல்வது பொய் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம், சத்தியமாக. விழுந்த கோல்களையெல்லாம் ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினேன். ஐம்பத்தெட்டு, அறுபத்தாறு, எழுபது, எழுபத்தொன்பது, எண்பத்தொன்று. பதினேழு கோல். ஒன்றுகூட முன்பாதியில் இல்லை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "எல்லாமே பின்பாதியிலதான்பா விழுந்திருக்கு!" கணக்கில் ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பார்த்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு சின்னக் குறி போட்டார். பாராட்டுவார் என்று நின்றிருந்தேன். "இதை யார்கிட்டேயும் காட்டாதே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. சித்தப்பா சாயங்காலத்தில் மோட்டார் சைக்கிளை எடுப்பதை நிறுத்தியிருந்தார். கேட்டால், "ரிப்பேர் லா அண்ணே" என்பார். காலையில் அதே மோட்டார் ஒரே உதையில் கிளம்பும். எனக்குத் தெரியும், நான் பார்த்தேன், அப்பாவிடமும் சொன்னேன். ஆட்டமில்லாத நாளில் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார், வந்தால் வாசற்படியில் இறங்கவே மாட்டார். "யாரைப் பார்த்து ஒளியறான்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். ஒருநாள் சித்தப்பா நடுக்கூடத்தில் கிடந்த பித்தளைக் குடத்தில் இடறித் தண்ணீரையெல்லாம் கொட்டினார். அம்மா கிட்டே போய் மோந்து பார்த்தார். வாசனை இல்லை.

"குடிக்கலைங்க," என்றார் அப்பாவிடம், தாழ்ந்த குரலில்.

"குடிச்சாக்கூடத் தேவலாம்," என்றார் அப்பா.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரு விடுமுறை நாளில் மத்தியானம் இரண்டரைக்கு ஆட்டம் வைத்தார்கள். சரியான வெயில். சித்தப்பா அன்று ஒரு பந்தைக்கூட விடவில்லை. பெனால்டியைக்கூடப் பிடித்தார். ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்தோம். கோப்பிக் கடை அதற்கும் பதில் வைத்திருந்தது. "இன்னிக்கு ஜெயிக்கச் சொல்லியிருப்பானுங்க." சந்தேகம் வந்துவிட்டால் ஜெயித்தாலும் குற்றம். அப்பாவும் அதையேதான் நினைத்தார். நானும் நினைத்தேன்.

பிறகு அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் மற்ற ஆட்டக்காரர்கள் லாரி ஏறி ஃபெரிக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீடு பத்து நிமிஷ நடை. ஆனால் சித்தப்பா வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. "பின்னாலேயே போய்ப் பாரு. அவனுக்குத் தெரியக் கூடாது" என்றார். எனக்கு அது விளையாட்டுப் போல இருந்தது. மனசாட்சியெல்லாம் உறுத்தவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

திடலின் பின்வாசலில் அவர் ஒரு சீனருக்காகக் காத்திருந்தார். வெள்ளைக் கைநீளச் சட்டை, கையில் மடித்த பேப்பர். அந்த ஆள் வந்ததும் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சுவரோரமாக மெதுவாக நடந்தார்கள். சீனர் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கேட்டேன். மலாயில் கிரி, கானான், மறுபடி கிரி. இடது, வலது, இடது. எங்கள் தெருமுனையில் அவர் கையை விட்டார். சித்தப்பா சுவரைத் தடவினாற்போல மீதித் தூரத்தை நடந்து வந்தார்.

ஓடிப்போய் மூச்சிரைக்க அப்பாவிடம் சொன்னேன்.

"கையைப் பிடிச்சிருந்தானா?"

"ஆமாப்பா. முழங்கையை."

"என்ன சொன்னான்?"

"லெஃப்ட், ரைட்டுன்னு மாத்தி மாத்திச் சொன்னாரு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்த ஆட்டத்துல எந்தப் பக்கம் விடணும்னு சொல்லிக் குடுத்திருக்கான்," என்றார். அது எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா! எல்லாம் ஒன்றோடு ஒன்று அழகாகச் சேர்ந்துகொண்டது.

பருவத்தின் கடைசி ஆட்டம். விட்ட கோலுக்கு மேல் எங்கள் ஆட்கள் அடித்துப் பல ஆட்டங்களை மீட்டிருந்ததால், சமமாக முடித்தாலே கோப்பை எங்களுக்கு. எழுபத்தைந்து நிமிஷம் வரை கோல் இல்லை. மழைமேகம் வேறு மூடிக்கொண்டு சீக்கிரமே இருட்டியது. பிறகு இரண்டு கோல். இரண்டாவது, ஒரு குழந்தை உதைத்த மாதிரி உருண்டு வந்த பந்து. சித்தப்பா வேறு பக்கம் விழுந்தார். படியிலிருந்து ஆரஞ்சுத் தோலும் தண்ணீர்ப் பையும் பறந்தன. பச்சைச் சட்டையின் முதுகில் வந்து விழுந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் சம்பந்தி வீட்டார் பேசி முடிக்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா காதுக்கு இது வராமல் இருக்குமா? அப்பா அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டார். கிராணி புத்தி என்ன செய்யும்? கடிதம்தான் எழுதும். குழுவின் மேனேஜருக்கு, அழகான ஆங்கிலத்தில், டைப் அடித்து, என் நோட்டிலிருந்த நிமிஷங்களைக் கட்டம் போட்டு இணைத்து, கார்பன் நகல் ஒன்றைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு, உடன்பிறந்த தம்பியைக் காட்டிக்கொடுத்தார். மற்றவர்கள் சொல்வதற்குமுன் நாமே சொல்லிவிட்டால் குடும்பத்தின் பெயர் தப்பிக்கும் என்பது அவர் கணக்கு. உலகத்தில் வேறு எந்த அண்ணனும் தம்பியின் மீது நகல் வைத்துக்கொண்டு புகார் எழுதியிருக்க மாட்டான்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் சித்தப்பாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். பகல் நேரம். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது, சேலைத் தலைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன பதில் சொல்றே?" அப்பா நோட்டை நீட்டினார். "பத்தொன்பது கோல். எல்லாம் பின்பாதியில. அந்தச் சீனன் யாரு?"

சித்தப்பா நோட்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் சித்தப்பா."

"எல்லாம் கரெக்டா இருக்கு," என்றார். "ஒரு நிமிஷம்கூடத் தப்பு இல்லை."

"அப்படின்னா வாங்கினதை ஒத்துக்கிறியா?" அப்பாவின் குரல் உடைந்தது. "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுடா. ஒரே வார்த்தை. நான் இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

சித்தப்பா கதவுப் பக்கம் பார்த்தார். சேலைத் தலைப்பு உள்ளே போயிற்று.

"ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க இல்ல?" என்றார். "அதுக்குள்ள நான் போயிடறேன் அண்ணே. கேட்டா, வீட்டை விட்டுத் துரத்திட்டேன்னு சொல்லிடுங்க."

ஒரு பையோடு போனார். பச்சைச் சட்டையை எடுத்துப் போகவில்லை. அம்மா அதைக் கொஞ்சநாள் மடித்து வைத்திருந்தார். பிறகு அது எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. கடிதம் கிடைத்ததும், குழு விஷயத்தை வெளியே விடாமல் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "தம்பின்னும் பாக்காம செஞ்சீங்க பாருங்க, இந்த மாதிரி வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்," என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சந்தனம் கொடுத்தேன்.

பதின்மூன்று வருஷம் சித்தப்பாவின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது எனக்கு என்னமோ பொறுக்கவில்லை. சுங்கை பாக்காப்பில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் போனேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை. பட்டப்பகல் மூன்று மணி. அவர் மேசைமேல் விரல்களை நடத்திக்கொண்டு போய்க் கோப்பிக் குவளையைத் தொட்டு, பிறகு பிடித்தார்.

நான் பத்திரிகையை நீட்டியது அவருக்குத் தெரியவே இல்லை.

"எப்போலேர்ந்து சித்தப்பா?"

"பிஸ்கட் குழு காலத்துலயே. முதல்ல சாயங்காலத்துல மட்டும் தெரியாது. மாலைக்கண். அப்புறம் ஓரம் ஓரமா மூடிக்கிட்டே வந்துச்சு."

"அந்தச் சீனரு?"

"ஸ்கோர்போர்டுல நம்பர் மாட்டுவாரே, அவரு. மேல நின்னு பாத்துட்டே இருந்தாரு இல்ல, அவருக்குத்தான் முதல்ல புரிஞ்சுச்சு. தெருமுனை வரைக்கும் கொண்டு விடுவாரு. எந்தப் பக்கம் லோங்காங் இருக்குன்னு சொல்லிக்கிட்டே வருவாரு."

சாக்கடைக்குத்தான் இடது, வலது. நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "வாயில என்ன இருந்துச்சு? சொல்லியிருக்கலாம் இல்ல!" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, அப்பாவுக்கு எப்படின்னு. இருட்டினா சாக்கடையில விழுவாருன்னேன். இது ரத்தத்துல வர்றதுன்னாரு. உங்க தாத்தா வாயில ஒரு சொட்டுக் கள்ளு பட்டதில்லைமா. நான் இதைச் சொல்லியிருந்தா உன் அத்தையை யாரு கட்டுவா? உன்னை யாரு கட்டுவா? கேலோங் வாங்கினவனை வீட்டை விட்டுத் துரத்திடலாம். கண்ணு விஷயத்தை எங்கே துரத்துவாங்க?"

பத்திரிகையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உன் கல்யாணம் முடியட்டும். அப்புறம் அண்ணன்கிட்ட நீயே பக்குவமா சொல்லு," என்றார்.

கல்யாணம் முடிந்தது. பிறகு என் தங்கைகளின் கல்யாணம் இருந்தது. பிறகு அத்தை மகன்களுக்குப் பெண் பார்த்தார்கள். தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். அப்பா தன் தம்பி ஒரு திருடன் என்று நம்பிக்கொண்டே செத்தார். கடைசி வாரத்தில்கூட, "ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருக்கலாம்" என்று புலம்பினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சித்தப்பா இரண்டு வருஷம் கழித்துப் போனார்.

இப்போது நான் அந்திநேரத்தில் எங்கள் வீட்டு ஆட்களைக் கவனிக்கிறேன். அத்தையின் சின்ன மகன் ஆறு மணிக்கு மேல் காரோட்டுவதில்லை. ஸ்ட்ரெஸ் என்கிறான். போன மாதம் என் மகள் பேரங்காடி வாசலில் படி தெரியாமல் விழுந்தாள். ஃபோனைப் பார்த்துக்கொண்டு நடந்தாளாம். ஃபோன் அவள் கைப்பைக்குள் இருந்ததை நான் பார்த்தேன்.

கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு நிச்சயமான பிள்ளைதான் எங்களைக் காரில் கூட்டிப் போனது. நல்ல பையன், தங்கமான குணம், என் கைப்பையைக்கூட அவரே தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, உங்க ஃபேமிலியில யாருக்காவது மாலைக்கண் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றேன். "யாருக்கும் இல்லை."

அன்று ராத்திரி பூராவும் எனக்கு என்மேலேயே ஆத்திரம். மறுநாள் உட்கார்ந்து இதை எழுதிவிட்டேன். பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, நடந்தது ஒன்று விடாமல் போடுங்கள், என் பெயரை மட்டும் போடாதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். தையில் மகளுக்குக் கல்யாணம் என்றேன்.